பன்னுவுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமான கட்டடங்கள் எழும்பும் இடங்களில் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே டவர் கிரேன், அதை ஓட்டுவது அவள் வேலை. காலையில் ஏணியேறி மேலே போனால் சாயங்காலம்தான் இறங்குவாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், வாக்கி டாக்கி எல்லாம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே. நாள் முழுக்கக் கீழே இருப்பவர்களோடு கத்திக் கத்திப் பழகியதில், வீட்டில் அவள் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், அப்படி ஒரு தொண்டை.

முடிவெடுப்பதில் அவளுக்குத் தயக்கம் என்பதே கிடையாது. வீட்டுச் சுவருக்கு என்ன நிறம், கணவர் எந்தப் பல் டாக்டரிடம் போவது, தம்பி தலைமுடியை எவ்வளவு குறைப்பது எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் பொறுக்காது.

அவளுக்கு ஒரே தம்பி. குழந்தையில் அவனுடைய உப்பிய கன்னத்தைப் பார்த்து அவள் வைத்த பட்டப்பெயர் 'பன்னு'. வளர்ந்து அவன் பேக்கரி வேலைக்கே போய்ச் சேர்ந்ததும் பெயர் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. ரொட்டி மாவை அவன் பிசைந்தால் மேஜையே ஆடும் என்பார்கள்.

இந்த இருவருக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. வீடியோ கேம். டி.வி.யில் மாட்டி விளையாடும் கன்சோல் ஒன்றைப் பள்ளிக்கூட வயதில் யாரோ பழசாகக் கொடுக்க, அன்று பிடித்தது அது. ஒரே சோபாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்து, திரையில் ஒருவரை ஒருவர் துரத்தித் துவைப்பார்கள். அவள் காத்திருந்து அடிக்கிறவள். அவன் யோசிக்கவே விடாமல் பாய்கிறவன். கணக்குப் பார்த்தால் அவன்தான் அதிகம் ஜெயித்திருப்பான், ஆனால் அவள் அந்தக் கணக்கை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் பன்னு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் கணவர் தையல்காரர், வீட்டின் முன்னறையிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவர். புதிதில் அவர் மிரண்டுதான் போனார். வீட்டுக்குள் கொலை விழுகிறதோ என்று கத்திரிக்கோலோடு ஓடி வந்து பார்த்தால், மனைவி சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தம்பியைத் திட்டிக்கொண்டிருப்பாள். போகப்போக அவருக்கும் பழகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு தைப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு மழைநாளில் சறுக்கியது. பன்னு ரொட்டிப் பெட்டிகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனபோது ஈரச் சாலையில் விழுந்தான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது தோளில் நரம்புகள் அறுந்துபோயின. ஆபரேஷன் செய்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். தோள் கொஞ்சம் அசைந்தது, அதற்குக் கீழே கை தொங்கியது தொங்கியபடியே இருந்தது. ஒரு பேனாவைக்கூட விரல்கள் பிடிக்கவில்லை. "இதுக்கு மேல எதிர்பார்க்க வேணாம்" என்று டாக்டர் சொன்ன அன்று, மறுபேச்சில்லாமல் அக்கா அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பேக்கரி முதலாளி நல்ல மனுஷன். மாவு மேஜையிலிருந்து கல்லாவுக்கு மாற்றிக்கொடுத்தார். பன்னு இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு, வலது கையால் சில்லறை கொடுத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் முன்பு போலவே வம்பு பேசினான். வீட்டிலும் சிரித்த முகம்தான். டி.வி.க்குக் கீழே கிடந்த கன்சோல் பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை. அவளும் தொடவில்லை. அவன் எதிரில் தனியாக உட்கார்ந்து விளையாட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு புது விளையாட்டு வந்தது. பாழடைந்த துறைமுகம் ஒன்றில் இரண்டு கூட்டங்கள் மோதும். எதிராளியின் கொடியைப் பறித்துக்கொண்டு வந்து தன் இடத்தில் நட வேண்டும். பேக்கரியில் எல்லோருக்கும் அதே பேச்சு. கல்லாவில் இருந்தபடி பன்னு ஆளாளுக்கு யோசனை சொல்கிறான் என்று கேள்விப்பட்டதும் அக்காவுக்குக் காது விடைத்தது. ஆசை போகவில்லை என்றால் வழியைக் கண்டுபிடிக்க வேண்டியதுதானே?

வீட்டில் இருந்த பழைய கன்சோலில் அந்த விளையாட்டு ஓடாது. புதிது ஒன்று வாங்க வேண்டும். இரண்டு நாள் விசாரித்தாள், முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தம்பியை இழுத்துக்கொண்டு கேம் கடைக்குப் போனாள்.

கடையை நடத்துவது ஒரு அம்மாள். காதோரத்தில் பென்சில் வைப்பதுபோலச் சின்ன ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். விற்பதோடு பழுதும் பார்ப்பவர்.

"புதுக் கன்சோல்ல ரெண்டு கன்ட்ரோலரை ஒண்ணாச் சேக்கலாமாமே?" என்றாள் அக்கா.

"சேக்கலாமே. ரெண்டு பேர் கையில ரெண்டு இருக்கும், ஆனா மெஷின் அதை ஒரே ஆள்னு நெனைச்சுக்கும். நீங்க நடக்க வைக்கலாம், தம்பி குறி பாத்துச் சுடலாம்."

"கேட்டியாடா?" என்று அக்கா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். "இடது கை வேலையெல்லாம் என்னது. வலது கை உன்னது. எவனால நம்மள அசைக்க முடியும்?"

கடையில் காட்சிக்கு வைத்திருந்த கன்சோலில் அங்கேயே உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்கள். திரையில் ஒரே ஒரு வீரன். அவள் அவனை ஓட வைத்தாள், தம்பி அந்த வீரனின் தலையைத் திருப்பினான். இவள் வலப்பக்கம் போக, அவன் இடப்பக்கம் பார்க்க, வீரன் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்தான். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் ஒத்துப்போக ஆரம்பித்தது. ஒரு கொடியைக்கூடப் பறித்தார்கள். பன்னுவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"பேக் பண்ணிடுங்கம்மா," என்றாள் அவள்.

"இரு அக்கா," என்றான் பன்னு. "டீ குடிச்சிட்டு வந்து பாக்கலாம்."

பக்கத்துக் கடையில் டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அது எனக்கு வேணாம்கா."

"ஏன்டா? நல்லாத்தானே ஆடினோம்?"

"நாம ஆடலை. நீ போன பக்கம் நான் பாத்தேன். அவ்ளோதான்."

"பழகப் பழகச் சரியாயிடும்."

"சரியாகறது இல்ல விஷயம்." அவன் நிமிர்ந்து பார்த்தான். "காலைல சட்டை பட்டன் போட்டு விடறே. தட்டுல ரொட்டியைப் பிச்சுப் போடறே. வேணாம்னு சொன்னா உனக்கு முகம் வாடிடும்னு நானும் பேசாம இருக்கேன். ஆனா இதுலயும் நீயே எனக்குக் கையா வந்து உக்காந்தா நான் எங்கக்கா போறது? எனக்கு இன்னொரு கை வேணாம். சண்டை போட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீதானே எப்பவும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. இவ்வளவு நாள் யாருக்காகச் செய்தோம் என்று தொண்டை வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினாள். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வீடு வந்து சேர்ந்தாள். அவள் பேசாமல் வந்ததைப் பார்த்துத் தையல்காரர் தைப்பதையே நிறுத்திவிட்டார்.

மறுநாள் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தும் அது ஆறவில்லை. கீழே கம்பிக் கட்டுகள் தயாராகக் கிடந்தன. இடது கை லீவரால் கிரேனின் கழுத்தைத் திருப்பினாள், வலது கை லீவரால் கொக்கியை இறக்கினாள். கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்ய, மனசு டீக்கடையிலேயே நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. கடுங்காய்ச்சலில் படுத்து எழுந்து வேலைக்கு வந்த புதிதில், சூப்பர்வைசர் அவள் மேல் இரக்கப்பட்டு இன்னொரு ஆபரேட்டரைக் கூண்டுக்குள் அனுப்பினார். "நீ ஒரு லீவரைப் பாத்துக்கோ, அவர் இன்னொண்ணைப் பாத்துக்கட்டும்." அந்த மனிதரை அவள் கால்மணி நேரம்கூட உள்ளே வைத்திருக்கவில்லை. "ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்ல நான் ஓட்டறேன். என் லீவர்ல இன்னொருத்தர் கை பட்டா நான் இறங்கிடுவேன்" என்று அவரை ஏணியில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். இத்தனைக்கும் அவர் உதவி செய்ய வந்தவர். நல்ல மனிதர் வேறு.

கம்பிக் கட்டு பத்திரமாக மாடியில் இறங்கியது. "சரிதான்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். வாக்கி டாக்கியில் கீழே இருந்தவர், "என்ன சரி? இன்னும் நாலு கட்டு இருக்கு" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே தம்பியைப் பிடித்தாள். "சரிடா, சண்டைக்கு நான் ரெடி. ஆனா எப்படி ஆடப்போறே? அதைச் சொல்லு."

அவன் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான். கடை வேலை இல்லாத சமயங்களில் முன்னறையில் உட்கார்ந்து தையல்காரரோடு அரட்டை அடிப்பது அவன் வழக்கம். மாமாவின் இரண்டு கைகளும் துணியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்க, மிஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் காலாகவே இருப்பதை அவன் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறான். "நடக்கறதுக்குக் கால் போதும்கா. விளையாட்டுலயும்தான்," என்றான்.

மறுபடியும் கேம் கடைக்குப் போனார்கள். இந்தத் தடவை அவன் பேசினான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது கிரேன் ஓட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைக்கார அம்மாள் நிதானமாகக் கேட்டார். "கன்சோலுக்கும் ஒரு கையால ஆடறதுக்குன்னு தனியாச் சாமான் இருக்கு தம்பி. ஆனா வெளியிலேர்ந்து வரவழைக்கணும், எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. கம்ப்யூட்டர்னா அந்தத் தொல்லை இல்ல. ஆபீஸ்ல பேச்சைக் கேட்டு டைப் அடிக்கறவங்க காலுக்கடியில மூணு பெடல் வச்சிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? அதையே மாட்டலாம். எந்த பெடலுக்கு எந்த வேலைன்னு நாமளே சொல்லிக்கலாம். கையில பக்கத்துல நிறைய பட்டன் வச்ச மவுஸ்."

"அப்போ கம்ப்யூட்டர்தான்," என்றான் பன்னு.

"அவசரப்படாதீங்க. கன்சோல்னா மாட்டினோம், ஆடினோம்னு போயிடும். கம்ப்யூட்டர் அப்படி இல்ல. ஒருநாள் சத்தம் வராது, ஒருநாள் படம் விட்டு விட்டு வரும், நீங்க அவசரமா உக்காந்த அன்னிக்கின்னு பாத்து அப்டேட் போட ஆரம்பிக்கும். மல்லுக்கட்டணும்."

"மல்லுக்கட்டறதுக்கு எனக்கு நேரம் இருக்கும்மா."

கம்ப்யூட்டருக்கு அவன் தன் சேமிப்பிலிருந்தே கொடுத்தான். அக்கா பையைத் திறந்தபோது அவன் பார்த்த பார்வையில் அவள் பையை மூடிவிட்டாள். மூடிய கையோடு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "அந்தக் கன்சோலையும் பேக் பண்ணுங்க. அது எனக்கு" என்றாள். பன்னு திரும்பிப் பார்த்தான். "என்னடா பாக்கறே? சண்டை போட ஆள் வேணும்னியே, நான் என்ன வெறுங்கையோட வரட்டுமா? எனக்கு அந்த மவுஸும் கிவுஸும் ஆகாது. சோபாவுல சாஞ்சு ஆடினாத்தான் எனக்கு ஆட்டம்."

"கம்ப்யூட்டர்ல ஆடறவங்களும் கன்சோல்ல ஆடறவங்களும் மோதலாமா?" என்று அவன் கேட்டான்.

"இந்த விளையாட்டுல மோதலாம்," என்றார் கடைக்கார அம்மாள்.

எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் சோதனைதான். இடது பெடல் இடப்பக்கம், வலது பெடல் வலப்பக்கம், நடுவில் இருப்பது முன்னால் ஓட. பின்னால் நகர்வதும் குதிப்பதும் மவுஸில் கட்டைவிரலுக்கு. சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. ஆட உட்கார்ந்தால் பன்னுவின் வீரன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு ஓடினான். அவசரத்தில் பெடலை மிதித்தால் அது வழுக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் அவனைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு வாரம் சத்தத்தை விழுங்கியது.

அக்கா சோபாவில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். எழுந்து போய் அந்த பெடலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கை துறுதுறுத்தது. போகவில்லை. வாழ்க்கையில் அவள் செய்த பெரிய காரியங்களில் அதுவும் ஒன்று.

பெடலுக்கு வழி சொன்னது தையல்காரர். யாரும் கேட்காமலே ஒரு மரப்பலகையை அளவாக அறுத்து, அடியில் ரப்பர் ஷீட் ஒட்டி, மூன்று பெடலையும் அதில் சரிவாகத் திருகி வைத்தார். "காலைத் தூக்கித் தூக்கி மிதிக்காதே மச்சான். குதிகாலைப் பலகையில ஊனிக்கோ. விரலை மட்டும் அழுத்து. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள கால் கழண்டுடும்."

அன்றிலிருந்து ஆட்டம் திரும்பியது. குதிகால் ஊன்றியதும் பன்னுவின் பழைய பாய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. அக்கா டி.வி.யில் தன் கன்சோலை மாட்டினாள். ஹாலில் அவள் சோபாவில், அவளுக்கு முதுகு காட்டி அவன் மேஜையில். ஒருவர் திரையை ஒருவர் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள்தான் ஜெயித்தாள். கடைசி ஆட்டத்தில் அவளுக்கு மனசு இளகியது. கொடியை வைத்திருந்தவள் ஒரு கன்டெய்னர் பின்னால் சும்மா நின்றுகொண்டாள். பன்னு வந்து சுட்டான், கொடியை எடுத்தான், ஜெயித்தான். உடனே ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"விட்டுக்கொடுத்தியா?"

"இல்லடா, கவனிக்கலை."

"பொய் சொல்லாதே. கொடியை வச்சுக்கிட்டு நீ நின்னதா சரித்திரமே கிடையாது."

அவள் மாட்டிக்கொண்டாள். "சரி, விட்டேன். போதுமா?"

"இன்னொரு தடவை விட்டே, நான் இந்த மெஷினையே வித்துடுவேன்." அவன் குரலில் விளையாட்டு இல்லை.

அதன்பின் அவள் விடவில்லை. வாராவாரம் இரக்கமில்லாமல் துவைத்தாள். அவன் தோற்றுத் தோற்று அவள் பதுங்கும் இடங்களை எல்லாம் மனப்பாடம் செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வழக்கம்போல ஒரு கூரைமேல் பதுங்கிக் காத்திருந்தபோது, அவன் முன்வாசல் வழியாக வராமல் பின்பக்கச் சுவரில் குதித்து ஏறி, அவள் திரும்புவதற்குள் சுட்டுவிட்டான். கொடி பறந்தது. ஆட்டம் முடிந்தது.

பன்னு நாற்காலியோடு சுழன்று திரும்பினான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"மவுஸ் வச்சுக் குறி பாத்தா எவன் வேணா சுடலாம்!" என்று அவள் கத்தினாள். "அது ஏமாத்து வேலை! கையில கன்ட்ரோலரைப் பிடிச்சு ஆடிப் பாரு தெரியும்!"

"பிடிக்கற கை இருந்தா பிடிச்சிருப்பேன்," என்றான் அவன். சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். விபத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பற்றி அவன் கேலி பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் தோற்ற எரிச்சல் அதற்கும் மேலே நின்றதால், "இன்னொரு ஆட்டம்டா, உக்காரு" என்றாள். அதிலும் தோற்றாள்.

மழைக்காலம் முடிந்ததும் பன்னு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துவிட்டு வந்து சொன்னான். அக்கா பழக்க தோஷத்தில், "எதுக்கு? அங்க யாரு உனக்கு..." என்று ஆரம்பித்தாள். தையல்காரர் இருமினார். அவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ஜன்னல் எந்தப் பக்கம்? திரையில வெயில் அடிக்காம இருக்கணும்" என்று கேட்டாள். பட்டன் இல்லாத சட்டைகள் சிலவற்றை மாமா தைத்துக் கொடுத்தார். மேஜை, நாற்காலி, பெடல் பலகை, கம்ப்யூட்டர் எல்லாம் கைவண்டியில் ஏறின. கனமான பெட்டியைத் தூக்கியது அவள். வழி சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தது அவன்.

இப்போது அவன் கொடி விளையாட்டில் ஒரு கூட்டத்துக்குத் தலைவன். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் அவன் சொல்வதைக் கேட்டு ஓடுகிறார்கள். அவனுக்கு இருப்பது ஒரு கை என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு அது ஒரு விஷயமும் இல்லை. அக்கா அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அவன் கூப்பிட்டும் பார்த்தான். "உன் கீழ நான் வேலை பாக்கறதா?" என்று எதிர்க் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தைக்கிறார். உள்ளே மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஹெட்போனே தேவையில்லாத குரலில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.